கீமோ மருந்து உடைத்ததைக் கலம் எப்படித் திருத்துகிறது, எப்படிச் சமாளிக்கிறது?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை செய்து, பிறகு கார்போபிளாற்றினும் பக்ளிடாக்செலும் ஆறு தடவை ஏற்றியிருக்கிறார்கள். கட்டி நன்றாகக் கரைந்து, இரத்தப் பரிசோதனையும் திருப்தியாக வந்தது. பதினான்கு மாதம் கழித்து நோய் திரும்பிவிட்டது. அவருடைய கேள்விகள் நான்கு. "இந்த மருந்து டி.என்.ஏயை உடைக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் அம்மாவின் நல்ல கலங்கள் எல்லாம் ஏன் சாகவில்லை? புற்றுக் கலம் எப்படித் தப்பியது? நடுவில் ஒருமுறை இரத்தம் குறைவு என்று மருந்து ஏற்றாமல் ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள், அதனால்தான் திரும்பி வந்ததா? உடம்பு தேற விற்றமின் குளிசை ஏதும் வாங்கிக் கொடுக்கலாமா?"

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டவர் இரவில் நித்திரை கொள்ளாமல் கேட்டிருப்பார் என்று தெரிகிறது. இல்லை தங்கச்சி. அந்த ஒரு வாரத்தால் நோய் திரும்பியது என்று நினைக்க எந்த நியாயமும் இல்லை. அம்மாவின் என்பு மச்சை, அதாவது எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் இடம், தன்னைத் திருத்திக்கொள்ள இன்னும் ஒரு வாரம் கேட்டது, கொடுத்தார்கள். கொடுக்காமல் ஏற்றியிருந்தால்தான் ஆபத்து. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

நான் வைத்தியர் அல்ல. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து, பிறகு டி.என்.ஏ திருத்தம் பற்றிய ஆய்வுகூடம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவன். அம்மாவுக்கு இனி எந்த மருந்து என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும். இந்தியப் புத்தகங்கள் செல் என்று எழுதுவதை நாங்கள் கலம் என்றுதான் படித்தோம், அந்தச் சொல்லிலேயே போகிறேன்.

டி.என்.ஏ உடைவது மருந்து வந்த பிறகு தொடங்கும் சங்கதி அல்ல. ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் ஏறத்தாழ 2 மீற்றர் நீள டி.என்.ஏ மடிந்து கிடக்கிறது. அதில் 600 கோடி எழுத்துச் சோடிகள். அந்தக் கருவின் அகலமோ மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உடம்பின் சூடு, கலத்துக்குள் இருக்கும் தண்ணீர், நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசன், இவை மட்டுமே ஒரு கலத்தின் டி.என்.ஏயில் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் இடங்களைப் பழுதாக்குகின்றன. மருந்தும் இல்லை, புகையிலையும் இல்லை, வெறுமனே உயிரோடு இருப்பதற்கே இவ்வளவு. டி.என்.ஏ கல்லில் வெட்டிய எழுத்துப்போல உறுதியானது என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். தோமஸ் லிண்டால் என்ற சுவீடன்காரர் 1970களில் அது அப்படியல்ல, எந்நேரமும் சிதைந்துகொண்டே இருக்கிறது, ஆகவே எந்நேரமும் யாரோ திருத்திக்கொண்டும் இருக்க வேண்டும் என்று காட்டினார். 2015 இல் வேதியியல் நொபெல் பரிசை அவரும் போல் மொட்ரிச், அசிஸ் சன்சார் ஆகியோரும் பகிர்ந்துகொண்டது இந்தத் திருத்த வேலைகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான்.

ஆக, கீமோ மருந்து ஏறும்போது கலம் வெறுங்கையோடு நிற்கவில்லை. கோடிக்கணக்கான வருடப் பழக்கமுள்ள திருத்தக்காரர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். நல்ல கலத்திலும் இருக்கிறார்கள், புற்றுக் கலத்திலும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் முழுச் சிக்கலும். அம்மாவைக் காப்பாற்றியதும் நோயைத் திருப்பிக் கொண்டுவந்ததும் ஒரே வேலைக்காரர்கள்.

கார்போபிளாற்றின், சிஸ்பிளாற்றினின் தங்கை மாதிரி. மூத்தவளின் கதை சுவாரசியமானது. 1965 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெற் ரோசன்பேர்க், மின்புலம் கலப்பிரிவை என்ன செய்யும் என்று பார்க்கப் பற்றீரியாவுக்குள் பிளாற்றினம் மின்வாய்களை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பற்றீரியா பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போனது, வழமையை விட 300 மடங்கு வரை. காரணம் மின்சாரம் அல்ல, மின்வாயில் இருந்து கரைந்த பிளாற்றினச் சேர்வை. கலம் வளர்கிறது, ஆனால் பிரிய முடியவில்லை. புற்றுநோய்க்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறு என்ன வேண்டும்? 1978 இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. சிறுநீரகத்தை அதிகம் தாக்கியதால், அதே வேலையைச் சிறுநீரகத்துக்கு இலேசாகச் செய்யும் கார்போபிளாற்றின் அடுத்து வந்தது. இரண்டும் டி.என்.ஏயில் விடும் காயம் ஒன்றுதான். அம்மாவுக்குச் சேர்த்து ஏற்றிய பக்ளிடாக்செல் டி.என்.ஏயைத் தொடுவதில்லை, கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை (டி.என்.ஏ சுருண்டிருக்கும் பொதிகளை) இழுக்கும் கயிறுகளை இறுக்கிப் பிடிக்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிளாற்றினம் என்ன செய்கிறது? டி.என்.ஏயின் நான்கு எழுத்துகளில் ஒன்று குவானின். ஒரே இழையில் இரண்டு குவானின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிளாற்றினம் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஏணியின் இரண்டு படிகளை ஒன்றாகச் சேர்த்துக் கம்பியால் இறுக்கியது மாதிரி. அந்த இடத்தில் டி.என்.ஏ வளைந்து போகும். இன்னொரு வகைக் கட்டும் உண்டு. எதிரெதிர் இழைகளில் உள்ள குவானின்களைக் குறுக்கே கட்டுவது. இது நூற்றில் ஐந்துக்கும் குறைவுதான், ஆனால் கொடியது. டி.என்.ஏயைப் படிக்கவும் பிரதி எடுக்கவும் இரண்டு இழைகளும் பிரிய வேண்டும். குறுக்கே கட்டினால் பிரியவே முடியாது.

முதல் வகைக் காயத்தைத் திருத்துவது எளிது. நம் ஊர்க் கிடுகு வேலியை நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் கறையான் அரித்தால் அந்த ஒரு ஓலையை மட்டும் உருவ மாட்டோம். இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கிடுகு வைத்து வரிவோம். கலமும் அப்படித்தான். வளைவைத் தடவிக் கண்டுபிடிக்க ஒரு புரதம், இழைகளை விலக்க ஒன்று, இரண்டு பக்கமும் வெட்ட இரண்டு கத்தரிகள். ஏறத்தாழ 30 எழுத்து நீளத் துண்டு பிளாற்றினத்தோடு சேர்ந்து வெளியே போகிறது. எதிர் இழை பழுதில்லாமல் இருப்பதால் அதைப் பார்த்து வெற்றிடத்தை நிரப்பி ஒட்டிவிடலாம். எழுத்துப் பிழை இல்லாத சுத்தமான திருத்தம் இது. சன்சார் நொபெல் பரிசு வாங்கியது இதை விளக்கியதற்குத்தான்.

இந்த ஒரு வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு விதைப் புற்றுநோய் சாட்சி. இளம் ஆண்களுக்கு வரும் இந்த நோய் உடம்பெங்கும் பரவின பிறகும் சிஸ்பிளாற்றினால் பெரும்பாலானோருக்குக் குணமாகிறது. மற்றப் பெரும்பாலான புற்றுநோய்களில் பரவிய பிறகு இப்படி நடப்பதில்லை. அந்தக் கலங்களில் மேலே சொன்ன வெட்டும் புரதங்கள் இயல்பாகவே குறைவு என்பது ஒரு முக்கிய காரணம். ஈ.ஆர்.சி.சி.1 என்ற கத்தரி அதில் ஒன்று.

இரண்டாவது வகை, குறுக்குக் கட்டு, இப்படி முடியாது. இரண்டு இழையும் பழுது, எதைப் பார்த்து எழுதுவது? டி.என்.ஏயைப் பிரதி எடுக்கும் இயந்திரம் இரண்டு பக்கமும் வந்து கட்டில் முட்டி நிற்கும்போதுதான் கலத்துக்கு அது தெரியவே வரும். அப்போது பன்கோனி வழி என்று பெயருள்ள ஒரு கூட்டம் இறங்குகிறது. குயிடோ பன்கோனி என்ற சுவிஸ் குழந்தை வைத்தியர் 1927 இல் விவரித்த இரத்தச்சோகை நோயில் இருந்து வந்த பெயர். அந்த நோயோடு பிறந்த பிள்ளைகளின் கலங்கள் குறுக்குக் கட்டு மருந்தின் சிறு துளியைக்கூடத் தாங்காது. இந்தக் கூட்டம் ஒரு இழையை இரண்டு பக்கமும் வெட்டிக் கட்டை அவிழ்க்கிறது. அவிழ்க்கும்போது டி.என்.ஏ இரண்டாக முறிகிறது. தெரிந்தே முறிப்பதுதான், வேறு வழியில்லை.

முறிந்ததை ஒட்ட இரண்டு முறை உண்டு. ஒன்று, முனைகளைச் சேர்த்து அப்படியே ஒட்டிவிடுவது. எந்நேரமும் முடியும், ஆனால் ஓரிரு எழுத்து தொலையும், சிலவேளை வேறு முனையோடும் ஒட்டிவிடும். மற்றது, அப்போதுதான் பிரதி எடுத்து முடிந்த இரட்டைப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதுவது. இதற்கு ராட்51 என்ற புரதம் முறிந்த முனையில் ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது பி.ஆர்.சி.ஏ.2 என்ற இன்னொரு புரதம். அதற்கு முன் முனையைத் தயார்ப்படுத்துவதில் பி.ஆர்.சி.ஏ.1 இன் பங்கு பெரியது. மார்பகப் புற்றுநோய் பற்றிய பேச்சில் இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள்.

இங்கேதான் அம்மாவின் கதை வருகிறது. சூலகப் புற்றுநோயில் அதிகமாகக் காணப்படும் வகையில் ஏறத்தாழ பாதிப் பேருடைய கட்டிகளில் இந்தச் சரியான ஒட்டும் முறை பழுதாகி இருக்கிறது. அந்தப் பழுது இருந்ததால்தான் முதலில் அந்தக் கலங்கள் தறிகெட்டு மாறிப் புற்றாயின. அதே பழுது இருப்பதால்தான் பிளாற்றினத்தைத் தாங்க முடியாமல் கூட்டமாகச் சாகின்றன. முதல் ஆறு தடவையில் கட்டி அப்படிக் கரைந்ததற்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம்.

இதுவரை சொன்னது திருத்தம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி, திருத்தம் அல்லாத இன்னொன்றில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை இரண்டு வரியில் முடித்துவிடும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாரியில் குளம் நிரம்பி நிற்கும் நேரம் கட்டில் ஓர் இடம் கரையத் தொடங்கினால் கமக்காரர் என்ன செய்வார்கள்? மண்மூடை அடுக்குவார்கள். களி வெட்டிப் போட்டு அடித்து இறுக்கிக் கட்டும் வேலை தண்ணீர் வற்றிய பிறகுதான். இந்த இரவு குளம் உடையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய தேவை. கலத்துக்கும் அப்படி ஓர் இரவு வருகிறது. டி.என்.ஏயைப் பிரதி எடுக்கத் தொடங்கிவிட்டால் பாதியில் நிற்க முடியாது. வழியில் பிளாற்றினம் கட்டிய இரண்டு குவானின் கிடக்கிறது. வழமையான பிரதி இயந்திரம் மிகக் கச்சிதமானது, வளைந்த எழுத்தைக் கண்டால் நகராது. அதிக நேரம் நின்றால் அந்த இடம் முறிந்துவிடும். வெட்டித் திருத்தவும் இப்போது முடியாது, எதிர் இழை பிரிந்து போய்விட்டது.

அப்போது கலம் காயத்தை அப்படியே விட்டுவிட்டு அதைத் தாண்டிப் போகிறது. எப்படி? பிரதி இயந்திரத்தை டி.என்.ஏயோடு சேர்த்துப் பிடிக்க மோதிரம்போன்ற ஒரு புரதம் உண்டு, பி.சி.என்.ஏ என்று பெயர். இயந்திரம் முட்டி நின்றதும் அந்த மோதிரத்தில் யுபிக்குயிற்றின் என்ற சின்னப் புரதம் ஒன்றை அடையாளமாக ஒட்டுகிறார்கள். அதைக் கண்டதும் கச்சிதமான இயந்திரம் விலக, தளர்வான இயந்திரம் ஒன்று வந்து உட்காருகிறது. அதன் கை அகலமானது, வளைந்த எழுத்தும் அதற்குள் அடங்கும். எதிரே ஏதோ ஓர் எழுத்தை வைத்து, காயத்தைத் தாண்டி, சில எழுத்து போனதும் இறங்கிவிடும். திரும்பவும் பழைய இயந்திரம். காயம் அங்கேயே இருக்கிறது, ஆனால் பிரதி முடிந்துவிட்டது, கலம் உயிரோடு இருக்கிறது. பிளாற்றினம் டி.என்.ஏயில் இருக்கும்போதே கலம் அதோடு வாழப் பழகுவதால் இதைச் சகிப்பு என்று சொல்லலாம்.

இந்தத் தளர்வான இயந்திரங்களில் ஒன்றான ஈற்றா, 1999 இல் மனிதரில் அடையாளம் காணப்பட்டது. வெயிலே ஆகாத ஒரு பரம்பரைத் தோல் நோயின் ஒரு வகையில் அது இல்லாமல் இருப்பதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். வெயில் செய்யும் காயத்தின் எதிரே ஈற்றா பெரும்பாலும் சரியான எழுத்தையே வைக்கிறது. பிளாற்றினத்தின் எதிரேயும் ஓரளவு நன்றாகவே எழுதுகிறது. ஆனால் காயமில்லாத இடத்தில் எழுதவிட்டால் நூறு, ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை விடும். வழமையான இயந்திரம் தன் பிழையைத் தானே திருத்தியபடி கோடி எழுத்துக்கு ஒரு பிழைதான் விடும். ஈற்றாவுக்குத் துணையாக வரும் சீற்றா, ரெவ்1 போன்றவையும் கவனக்குறைவானவைதான். ஆகவே சகிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. தப்பிய ஒவ்வொரு கலமும் புதுப்புது எழுத்துப் பிழைகளோடு தப்புகிறது. பிளாற்றினம் பெற்ற கட்டிகள் திரும்பி வரும்போது அவற்றின் டி.என்.ஏயை முழுக்க வாசித்தால், பிளாற்றினம் மட்டுமே விடக்கூடிய பிழைகளின் தடயம் தெரிகிறது.

தளர்வான இயந்திரம் ஒன்று மட்டும் வழியல்ல. முட்டிய இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதிதாகப் பிரதியைத் தொடங்கி, நடுவில் இடைவெளி விட்டுப் பிறகு நிரப்புவதும் உண்டு. பிரியும் முனையைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அவகாசம் எடுப்பதும் உண்டு.

சகிப்பின் இன்னொரு முகம் மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் தெமொசொலொமைட்டில் தெரியும். அது குவானினில் ஒரு சின்ன மெதைல் கூட்டத்தை ஒட்டிவிடும். அதை நேரடியாகப் பிடுங்கும் புரதம் ஒன்று உண்டு, எம்.ஜி.எம்.ரி. ஒரு புரதம் ஒரே ஒரு மெதைலைப் பிடுங்கிவிட்டு அதோடு அழிந்துபோகும். அது இல்லாத கட்டியில் என்ன நடக்கிறது? பழுதான குவானின் எதிரே பிழையான எழுத்து வருகிறது. பிழை திருத்துபவர்கள் வந்து, காயத்தை விட்டுவிட்டுப் புது எழுத்தை அழிக்கிறார்கள். மீண்டும் அதே பிழை, மீண்டும் அழிப்பு. இந்த வீண் சுழற்சியிலேயே டி.என்.ஏ முறிந்து கலம் சாகிறது. அதாவது இங்கே கொல்வது மருந்து மட்டுமல்ல, திருத்த முனைவதும்தான். அந்தப் பிழை திருத்துபவர்களையே இழந்துவிட்ட கலம் காயத்தோடு பேசாமல் பிரிந்து வாழ்கிறது. அங்கே திருத்தும் ஆளை இழந்ததே கலத்துக்குப் பலமாகிவிடுகிறது. இதை முதன்முதலில் படித்த நாளில் திரும்பத் திரும்ப வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது.

சரி, முதல் கேள்வி. நல்ல கலங்கள் ஏன் எல்லாம் சாகவில்லை?

மருந்து எல்லாக் கலத்துக்குள்ளும்தான் போகிறது. ஆனால் நம் உடம்பின் பெரும்பாலான கலங்கள் எந்நேரமும் பிரிந்துகொண்டிருப்பவை அல்ல. அவற்றுக்குத் தண்ணீர் வற்றிய குளம்போல நிதானமாக வெட்டித் திருத்த நேரம் இருக்கிறது. பிரியும் கலங்களிலும் எச்சரிக்கை மணி ஒழுங்காக அடிக்கும். ஏ.ரி.எம், ஏ.ரி.ஆர் என்று இரண்டு காவல்காரப் புரதங்கள் காயத்தைக் கண்டதும் பிரதி எடுப்பதை நிறுத்தச் சொல்லும். பி53 என்ற புரதம் நிலைமையைப் பார்த்து, திருத்த முடிந்தால் பொறு, முடியாவிட்டால் நீயே செத்துப்போ என்று முடிவு கொடுக்கும். கெட்ட டி.என்.ஏயோடு ஒரு கலம் பிரிவதை விட அது சாவதே உடம்புக்கு நல்லது.

யானையை வைத்து இதை விளக்குவது எனக்குப் பிடிக்கும், வன்னியில் யானையைத் தெரியாத வீடு இல்லையே. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு கோடி கலங்கள், நீண்ட ஆயுள். கணக்குப்படி யானைக்கு நம்மை விட அதிகம் புற்றுநோய் வர வேண்டும். ஆனால் குறைவாகத்தான் வருகிறது. 2015 இல் வந்த ஆய்வு ஒரு காரணத்தைச் சொன்னது. மனிதருக்கு பி53 பரம்பரையலகு தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. யானையிடம் அதன் கூடுதல் பிரதிகள் நிறைய இருக்கின்றன, ஏறத்தாழ 20 வகை. யானையின் கலம் டி.என்.ஏ காயப்பட்டால் திருத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் சட்டென்று செத்துவிடுகிறது.

சூலகப் புற்றில் அதிகமாகக் காணப்படும் வகை என்று மேலே சொன்னேனே, அம்மாவுக்கும் பெரும்பாலும் அதுவாக இருக்கலாம், அதில் பி53 ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் பழுதாகியே இருக்கும். மணி அடிக்காத கலம் காயத்தோடேயே பிரியப் போகிறது. முறிந்த நிறமூர்த்தங்கள் இரண்டு பக்கமும் ஒழுங்காக இழுபடாமல் சிதறுகின்றன. கலம் சாகிறது. நல்ல கலம் நின்று திருத்துகிறது, புற்றுக் கலம் நிற்கத் தெரியாமல் ஓடி விழுகிறது. இந்த வித்தியாசத்துக்குள்தான் கீமோ வேலை செய்கிறது.

நல்ல கலங்களிலும் ஓயாமல் பிரிபவை உண்டு. மயிர்க்கால், குடலின் உட்சுவர், என்பு மச்சை. அதனால்தான் மயிர் கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரத்தக் கணக்கு விழுகிறது. மச்சையில் வேகமாகப் பிரிபவை அடிபட்டாலும், அவற்றின் தாய்க் கலங்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும், தப்பிவிடும். வெண்குழியங்கள் மருந்து ஏறி ஒன்று, இரண்டு வாரத்தில் அடிமட்டத்துக்குப் போகும். பிறகு தாய்க் கலங்கள் எழும்பிப் புதிதாக நிரப்பும். அதற்கு ஏறத்தாழ மூன்று வாரம். கார்போபிளாற்றின் குருதிச் சிறுதட்டுகளையும் நன்றாகக் குறைக்கும், அவை ஏற இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். 21 நாளுக்கு ஒருமுறை என்று கிளினிக் கொப்பியில் எழுதுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். நல்ல கலம் எழும்பி நிற்கவும் நேரம், புற்றுக் கலம் முழுதாகத் தேறிவிடாமலும் அடுத்த அடி. இரத்தம் ஏறவில்லை என்று ஒரு வாரம் தள்ளுவது இந்தக் கணக்குக்குள் அடங்கிய விடயம்.

கணக்குக்குள் அடங்காதது இன்னொன்று. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றபோது என் சின்னம்மாவின் கிளினிக் நாள் தவறியது. அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் அவர் போக மனமில்லாமல் இருந்தார். "ஒருக்கால் தவறிப்போச்சு, இனிப் போய் என்ன" என்றார். மல்லாவியில் இருந்து தெல்லிப்பழைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், ஏற்றி முடிந்து சத்தியோடு திரும்பி வரும் உடம்புக்குத்தான் அந்த வலி தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்தில் இருந்து பேசி அடுத்த கிழமையே கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் தள்ளிப் போடுவது வேறு, நாமாக விடுவது வேறு. நாமாக நீண்ட நாள் விட்டால் அந்த நேரத்தில் காயத்தைத் திருத்தி எழும்புவது புற்றுக் கலம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். ஆறு தடவை அடித்தும் எப்படித் தப்பியது? கட்டி என்பது ஒரே மாதிரியான கலங்களின் கூட்டமல்ல. கோடிக்கணக்கானவற்றில் சில, மருந்தை உள்ளே விடாதவை. சிலவற்றில் கத்தரிப் புரதம் அதிகம். சில மெதுவாகப் பிரிபவை. சில தளர்வான இயந்திரங்களை வைத்துத் தாண்டித் தாண்டிப் பிழைத்தவை. மற்றவை செத்துக் கண்ணுக்குக் கட்டி இல்லாமல் போனாலும் இவை மிஞ்சும்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது 2008 இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. பி.ஆர்.சி.ஏ.2 பழுதாகி இருந்த புற்றுக் கலங்கள் பிளாற்றினத்துக்குப் பிறகு மீண்டு வந்தபோது, அவற்றின் டி.என்.ஏயை வாசித்துப் பார்த்தார்கள். பழைய பழுதுக்குப் பக்கத்தில் இன்னொரு பிழை புதிதாக விழுந்து, இரண்டும் சேர்ந்து பரம்பரையலகின் வாசிப்பைத் திரும்பச் சரியாக்கி இருந்தது. தொலைந்த திருத்த முறை மீண்டுவிட்டது. கலம் யோசித்துச் செய்ததல்ல இது. அத்தனை கோடி கலங்களில் விழுந்த அத்தனை பிழைகளில், தற்செயலாகச் சரியாய் விழுந்த ஒன்று மட்டும் மருந்துக்குத் தப்பிப் பெருகியது. திரும்பிய சில சூலகக் கட்டிகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அம்மாவின் விடயத்தில் ஒரு நல்ல பக்கம் உண்டு. கடைசி மருந்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பும் சூலகப் புற்று, பிளாற்றினத்துக்கு மீண்டும் இணங்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்பது வைத்தியர்கள் நீண்ட காலமாகக் கண்ட அனுபவம். பதினான்கு மாதம் அந்த எல்லையைத் தாண்டியது. அத்தோடு திருத்த வேலையையே குறிவைக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. ஒலாபரிப் என்ற குளிசை 2014 இல் அனுமதி பெற்றது. அது பார்ப் என்ற புரதத்தைத் தடுக்கும். ஒற்றை இழைச் சிறு வெட்டுகளைத் திருத்துவதில் பங்கெடுக்கும் புரதம் அது. தடுத்தால் அந்த வெட்டுகள் பிரதி நேரத்தில் முழு முறிவாகின்றன. நல்ல கலம் பி.ஆர்.சி.ஏ வழியில் அதை ஒட்டிவிடும். அந்த வழி பழுதான புற்றுக் கலத்துக்கு ஒட்ட ஆள் இல்லை, சாகும். ஒரு பாதை போனாலும் உயிர் தப்பும், இரண்டு பாதையும் போனால் தப்பாது என்ற கணக்கு. 2005 இல் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது ஒன்பது வருடத்தில் மருந்தாகியது.

நான்காவது, விற்றமின் குளிசை. சோறு, மீன், முட்டை, பருப்பு, கீரை, பழம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். அதிக அளவு விற்றமின் சி, ஈ போன்ற குளிசைகள் வேறு. மருந்து கலத்துக்குள் செய்யும் வேலையில் அவை தலையிடக்கூடும் என்ற கவலை புற்றுநோய் வைத்தியர்களுக்கு இருக்கிறது. ஊரில் யாராவது சொல்லும் சாறு, கசாயம் எதுவானாலும் அப்படியே. ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே மருந்தோடு மாரடித்துக்கொண்டிருக்கின்றன. எதைக் கொடுக்க நினைத்தாலும் கிளினிக்கில் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மறைக்க வேண்டாம், ஏச்சு விழும் என்று பயப்படவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்து ஏறிய பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பனடோல் கொடுத்துப் படுக்கவைத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். வெண்குழியம் குறைந்த உடம்பில் தொற்று சில மணித்தியாலத்தில் பெரிதாகிவிடும். நடுச்சாமம் ஆனாலும் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கீமோ நடக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டு போங்கள். முத்தையன்கட்டுப் பக்கம் இரவில் வாகனம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆகவே மருந்து ஏற்றி வந்த அன்றே, தேவைப்பட்டால் யாருடைய ஓட்டோ வரும் என்று பேசி வையுங்கள்.

கடைசியாக, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். திரும்பவும் பிளாற்றினம் ஏற்றும் எண்ணம் இருக்கிறதா என்பது ஒன்று. அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ பரிசோதனை செய்ய வழி உண்டா என்பது மற்றது. அந்தப் பழுது பிறவியிலேயே இருந்திருந்தால் அம்மாவின் மருந்துத் தெரிவு மாறலாம். உங்களுக்கும் உங்கள் சகோதரங்களுக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு ஆளுக்குப் பாதிப் பாதி. ஆண்களும் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கடத்துவார்கள், ஆகவே மாமாமார் வீட்டுப் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. குடும்பத்தில் முன்பு யாருக்காவது மார்பகத்திலோ சூலகத்திலோ புற்று வந்ததா, எந்த வயதில் என்று அம்மம்மாவிடமும் பெரியம்மாமாரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.